மாயாண்டியின் பிடிமண்

11-1-2007, தோஹா

என் ரூம்காரன் மாயாண்டி டூட்டிக்குப் போனவன் ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. ஓடிப்போயிட்டான் என்று எங்கள் லேபர் கேம்ப்பைப் பார்க்கிற பாஸ் முடித்துவிட்டான். ஓடுகிறவன் பெட்டியை விட்டுவிட்டா ஓடுவான்?

பெட்டியைத் திறந்தோம். துணிக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி கறுப்பு மண். இன்னொரு ரூம்காரன் வைரவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அய்யனார் கோயில் பிடிமண்ணுப்பா. காலு படாம வை."

12-1, வெள்ளி

குளித்துவிட்டு மண்ணை ஒரு பிளாஸ்டிக் பேசினில் கொட்டினோம். வைரவன் அபிஷேகம் என்று ஒரு வாளித் தண்ணீரையே ஊற்றிவிட்டான். மாயாண்டி இருக்கிறானா, இல்லையா? ஒரு குறி காட்டப்பா என்று கும்பிட்டேன்.

13-1

தண்ணீரில் கண்கள். உடம்பே தெரியவில்லை, கண்கள் மட்டும் நகர்கின்றன. உடனே ஊருக்கு ஃபோன் போட்டு மாயாண்டி பெண்சாதி பூவாயியிடம் சொன்னேன். "சாமி உத்தரவு குடுத்துருச்சு தாயி. அவன் உசுரோட இருக்கான்." அவள் அழுதாள். நானும்தான்.

23-2

அந்தக் கண்களெல்லாம் மீன் குஞ்சுகளாகி, செத்தது போக ஒரு மீன்தான் மிச்சம். நீல உடம்பு, ரத்தச் சிவப்பில் வால். நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கமே திரும்புகிறது.

வளர்ப்பு மீன் கடை மஹ்மூது காக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "பிடிமண்ணா? மாயாண்டி எங்கிட்ட வாங்குனதுப்பா அது. மழைக்குட்டை மீனு. குட்டை வத்துனா எல்லாம் மவுத்தாயிரும், முட்டை மட்டும் மண்ணுல கெடக்கும். தண்ணி பட்டா பொரிக்கும்."

அப்போ சாமி ஒண்ணுமே சொல்லலையா? பூவாயிகிட்ட நான் சொன்னது?

1-3

அடையாளம் காட்டப் போலீஸ் கூட்டிப்போனது. பிணவறையில் கிடப்பது மாயாண்டிதான். கையில் பூவாயி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான்.

4-3

உடலை அனுப்பப் பூவாயி கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்கிறாள். காக்கா சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன். "முட்டைக் கதையெல்லாம் வேணாம்ணே. மீனு உசுரோட இருக்குல்ல? அப்ப அது வேற ஆளு."

ஐயோ, என் வாய்தான்... என் வாய்தான்.

19-3

அவன் அங்கே ஐஸில் கிடக்கிறான். இந்த மீனைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று தண்ணீருக்குள் கையை விட்டேன். விலகி ஓடவில்லை. வந்து விரலை முட்டிக்கொண்டு நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

22-3

பூவாயி கூப்பிட்டாள்.

"மீனு இருக்காண்ணே?"

"செத்துருச்சு தாயி."

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மீன் மேலே வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தீனி போட்டேன்.