கயலிடம் சொல்லிவிட்டேன்

என் சத்யா,

உன்னைப் பாம்பு கடித்த மரவள்ளிக் கொல்லையை இந்த வருஷம் தரிசாகப் போட்டுவிட்டேன். ஆனாலும் விட்டுப்போன குச்சிகள் தாமாகவே தழைத்து நிற்கின்றன. காற்றடித்தால் யாரோ குனிந்து களை பிடுங்குவது போல அசைகின்றன. நீயா?

நம் மகளுக்கும் அப்படித் தோன்றியதோ என்னவோ. மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? "அம்மா மொரப்பூரு போயிருக்குது, வந்துரும்" என்று சொல்லிவைத்தேன். கயலோ, கடைசியாக நீ போன கொல்லைக்குள்ளேயே உன்னைத் தேடிப் போனாள். மாடு கறந்து திரும்புவதற்குள் ஆளைக் காணோம். பாம்பு நினைப்பில் எனக்கு உயிரே போய்விட்டது. அதனால் உன் பழைய புடவையைக் கிழித்து, அவள் காலைக் கட்டிலோடு கட்டிப்போட்டேன். ஒருநாள் அவிழ்த்துக்கொண்டு போனவளை மரவள்ளிக் குச்சியாலேயே அடித்தேன். அவள் "அம்மா" என்று கத்தினாள். உனக்குக் கேட்டதா?

கணுக்காலில் தழும்பைப் பார்த்த அங்கன்வாடி டீச்சர், கமலா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய்ப் பெற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது அந்த அக்காவின் வேலை. வாசலில் பார்த்ததுமே, "எம்புள்ளயத் தூக்கிட்டுப் போவ வந்தீங்களா?" என்று கத்தினேன்.

"இல்லீங்க. எதுக்குக் கட்டுனீங்கன்னு கேக்க வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"வந்துரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க, அதான் தேடறா. கட்டி வெச்சா தேடறது நிக்காதுங்க. அம்மா செத்துப்போச்சுன்னு உங்க வாயால சொல்லணும்."

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, சத்யா.

மறுநாள் கயலைத் தூக்கிக்கொண்டு உன்னைப் புதைத்த மேட்டுக்குப் போனேன். கமலா அக்கா கூடவே வந்து தள்ளி நின்றார். சொன்னேன். கயல் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ள இருட்டா இருக்குமாப்பா?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதன்பின் அவள் கொல்லைப் பக்கம் போகவில்லை. அக்கா சொன்னபடி, கறக்கும்போது பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறேன். கன்றுக்குட்டியோடு ஓயாமல் பேசுகிறாள். அக்கா வாராவாரம் வருகிறார். கோபம் தலைக்கேறினால் வெளியே போய் நிற்கப் பழகியிருக்கிறேன். அடித்து வெகுநாளாகிறது.

ஆனால் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், கயல் இரண்டு கால்களையும் பாவாடைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

அவள் என் முன்னால் பயமில்லாமல் கால் நீட்டி உட்காரும்வரை, எத்தனை வருஷமானாலும், நான் மெதுவாகவே பேசுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கயலின் அப்பன்,
மாதேஷ்