பேர் கேட்ட பிக்கு

ஏங்க,

நலமா என்று உங்களைக் கேட்பது பைத்தியக்காரத்தனம். வேறு எப்படி ஆரம்பிப்பதென்றும் தெரியவில்லை. குசிநகருக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல், நான் மட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இப்போது செங்கல்பட்டில் குமாரோடு இருக்கிறேன். அவனுக்குச் சிறுசேரியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து நம் பிள்ளையை அள்ளிக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து போடும். அவனுக்குச் சோறு போடும்போது பேசலாம் என்று காத்திருப்பேன், அவனோ தட்டைப் பார்த்தபடியே தூங்கி வழிவான். பகல் முழுக்க நானும் டிவியும்தான். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை பார்த்து, தூக்கத்துக்கு ஏங்கிய மனுஷன் நீங்கள். உங்களிடம் போய்ப் பொழுது போகவில்லை என்கிறேன் பாருங்கள்.

நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் சுற்ற ஆபீஸ் தரும் எல்.டி.சி. வந்தால் போதும், குசிநகர் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லாம் அந்த மாமல்லபுரம் சிற்பக்கூடத்தால் வந்தது. உங்கள் தங்கைக்கு வரன் அமைய வேண்டுமென்று திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே மாமல்லபுரம் போயிருந்தோம். தெருவோரம் ஒருவர் படுத்திருக்கும் புத்தரைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்த, சாமி தூங்கிகினு கீது?” என்று கேட்டீர்கள்.

“தூங்கல சார். உசுரு போற நேரம் அது. குசிநகர்னு வடக்க ஒரு ஊரு. அங்க கீற சிலைய பார்த்துச் செய்யறோம்” என்றார் அவர்.

வெயிலில் நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “சாவற நேரத்துல ஒரு மனுசன் மூஞ்சி இப்டி கீதுன்னா, அந்த ஊரப் போய்ப் பார்க்கணும்மே” என்றீர்கள். “எல்.டி.சி. எடுத்துகினு சாவு ஊருக்குப் போற ஆளை இப்பதான் பார்க்கறேன்” என்று நான் சிரித்தேன். ஒரு முறை உங்கள் அம்மாவுக்காக ராமேஸ்வரம், அடுத்த முறை குமாருக்காக டெல்லி. அதற்கடுத்த முறை வருவதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

போன தை மாதம் பழைய பக்கத்து வீட்டுப் பத்மா போன் செய்தாள். காசி, கயா, அப்படியே புத்தர் ஊர்களும் சுற்றிக் காட்டுகிற டூர் ஒன்றில் கிளம்புகிறார்களாம். குசிநகர் உண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றாள். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

காசியின் கூச்சலுக்குப் பிறகு குசிநகர் எத்தனை அமைதி தெரியுமா? பனிமூட்டம். தெருவில் ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. ஒவ்வொரு தேசத்தாரும் கட்டிய மடங்கள் மரங்களுக்கு நடுவே எட்ட எட்ட நிற்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்திருப்பீர்கள்.

பஸ்ஸை விட்டு யாரும் இறங்கவில்லை, அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாவு நடந்த இடத்துக்குப் போனால் தலைக்குக் குளிக்க வேண்டுமாம்.

“இந்தக் குளிர்ல வெந்நி எவன் தருவான்? காலையிலதான் குளிச்சுகினு வந்தோம்” என்றார் முன்சீட்டுக்காரர். புத்தர் போய் எத்தனை யுகம் ஆகிறது, இன்னும் அவருக்குத் தீட்டுக் காக்கிறார்கள் நம் ஜனங்கள். பத்மாவும், “நீ போய்ட்டு சுருக்க வந்துடு வசந்தா, எனக்கு முட்டி வலிக்குது” என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பையைக்கூட அவளிடமே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கினேன்.

சிலை இருக்கும் கோயில் சின்னதுதான். உள்ளே புத்தர். வலப்பக்கமாக ஒருக்களித்து, தலைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நீங்களும் அப்படித்தானே படுப்பீர்கள்? ஒருக்களித்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். ஆஸ்பத்திரியில் கடைசிவரை மல்லாக்கப் போட்டு, வாயிலும் மூக்கிலும் குழாய் செருகியிருந்தார்கள். ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று நர்சிடம் கெஞ்சினேன். கூடாது என்றுவிட்டாள். அது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

வெள்ளை உடுத்திய இலங்கைக்காரர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிக்கு ஓதிக்கொண்டிருந்தார். நான் மூலையில் நின்று அழுவதைப் பார்த்து அருகே வந்தார். கொழும்பில் வளர்ந்தவராம், தமிழ் தெரிந்திருந்தது.

“இறந்தவர்களுக்காகத் தண்ணீர் வார்க்கப் போகிறோம் அம்மா. நீங்களும் வாருங்கள். அவர் பேர் என்ன?”

ஏங்க, நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ரேஷன் கடையில் கேட்டால் பத்மா சொல்வாள். ஆஸ்பத்திரியில் குமார் சொன்னான். பென்ஷன் ஆபீசில் சர்டிபிகேட்டை நீட்டிவிட்டேன். இங்கே திரும்பினால் வெறும் செங்கல் சுவர்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாலி ஏறிய அன்றைக்கு அச்சரப்பாக்கத்தில் அம்மா காதில் போட்டு அனுப்பியது. ஒரு நாள் தவறவில்லை நான். அப்படியும் ரிட்டயர் ஆகும் முன்னாலேயே போய்விட்டீர்கள். எதைக் காப்பாற்றினேன்? அது தெரிந்தும், நீங்கள் போன பிறகும், ஏன் நாக்கு எழவில்லை? சொல்லிவிட்டால் காப்பாற்ற உங்களுக்கு இனி ஆயுசே இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஒரு பயம்தான்.

பிக்குவுக்குப் புரிந்திருக்க வேண்டும். “மனதுக்குள் சொன்னாலும் போதும் அம்மா” என்று கெண்டியைக் கையில் கொடுத்தார்.

கிண்ணத்தில் தண்ணீர் விட ஆரம்பித்தேன். மனதுக்குள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்? இத்தனை தூரம் வந்தும் அதே ஊமைத்தனமா? கிண்ணம் நிறைந்து வழிந்தது. வாயைத் திறந்தேன், முதலில் காற்றுத்தான் வந்தது. மறுபடி சொன்னேன். அந்தச் சின்ன அறைக்கு அது சத்தமாகவே கேட்டது. பிக்கு அதை வாங்கித் தன் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லையே. அதை நினைத்துத்தான் அங்கே உட்கார்ந்து அவ்வளவு அழுதேன். கோபப்பட்டிருப்பீர்களா? வெட்கப்பட்டிருப்பீர்களா?

பஸ்ஸுக்குத் திரும்பியதும் பத்மா, “லாட்ஜு போனதும் தலைக்கு ஊத்திக்க” என்றாள். நான் ஊற்றிக்கொள்ளவில்லை.

இனி யார் கேட்டாலும் பக்கத்து ஆள் முகத்தைப் பார்க்கமாட்டேன், நானே சொல்வேன். கேட்க யாருமில்லாத பகலிலும் தினம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்.

இதை எழுதியது,
ஏகாம்பரத்தின் மனைவி
வசந்தா