ஓவராலின் காலரில் என் நம்பர்

சுங்குவார்சத்திரம்,
வியாழக்கிழமை மதியம்.

அன்புத் தங்கை சுகப்பிரியாவுக்கு அக்கா முத்துச்செல்வி எழுதுவது. நான் நலம் என்று எழுத ஆசைதான். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் திங்கட்கிழமையிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. உனக்குச் சளி விட்டதா? ஹாஸ்டலில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி.

நேற்று நம் ஊர் இசக்கிபாண்டி அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டு, அந்தப் படத்தை உடனே நெட்டிலிருந்து எடுத்துவிடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ ஏன், ஏன் என்று கேட்டாய். அப்புறம், அப்படியானால் பேஷன் மைனர் பாடமே வேண்டாம், பிசிக்ஸ் மட்டும் படித்துக்கொள்கிறேன் என்று அழுதாய். நான் பேசிய டீக்கடையில் எங்கள் கம்பெனி லைன் ஆட்கள் நாலு பேர் நின்றார்கள், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் போனில் எழுதவும் பயம். கம்பெனியில் எப்போது வாங்கிப் பார்ப்பார்களோ தெரியாது. அண்ணன் நாளை ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறான். நன்றாக ஒட்டி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் ஸ்ரீதர் எல்லோரையும் நிற்கவைத்து, அடுத்த திங்கள் யூனிபார்ம் ஓவரால் கணக்கெடுப்பு, ஆளுக்கு இரண்டு கொடுத்திருக்கிறோம், இரண்டையும் காட்ட வேண்டும் என்றார். ஒன்று குறைந்தால் விசாரணை. துணி போனது அவர்களுக்குப் பெரிதில்லை. உள்ளே இருக்கிற எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. போன மாதம் லைனைப் படம் பிடித்தாள் என்று மதிவதனி என்ற பெண்ணை, மதியச் சாப்பாட்டுக்குக்கூட விடாமல் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவள் செருப்பு இரண்டு நாள் ரேக்கிலேயே கிடந்தது.

என் இரண்டாவது ஓவரால் உன்னிடம் இருக்கிறது. மழை நாளில் ரெயின்கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியதையும், செக்யூரிட்டி அக்கா என் தோளைத் தடவிப் பார்த்தபோது மூச்சு நின்றதையும் உனக்குத் தமாஷாகச் சொன்னேன். அப்போது தமாஷாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் லாண்டரியில் கிடக்கிறது என்று சமாளித்துவிட்டேன். இனி முடியாது.

வீட்டில் ஒருவர் உடுத்துவதை எடுத்து, அவருக்குத் தோதாக மாற்றித் தையுங்கள் என்றார்களாம் உன் மிஸ். மற்றவர்கள் சேலை, பாவாடை என்று போக, நீ என் ஓவராலைக் கேட்டாய். அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். 'பிசிக்ஸ் படிக்கத்தானட்டி அவள அனுப்புனோம், தையலுக்கா?' என்று ஒரே சத்தம். நான் உனக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில்தான் புத்தி போயிற்று.

இப்போது காலேஜ் கண்காட்சிப் படத்தை நெட்டில் போட்டிருக்கிறாய். ஒரு பக்கம் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகப் பழைய ஓவரால், மறுபக்கம் இடுப்பில் திறக்கிற மாதிரி நீ தைத்தது. நடுவில் ஓர் அட்டை. பத்து நிமிட பிரேக்கில் இதைக் கழற்ற முடியாமல், மாதவிலக்கு நாளில் நனைந்த துணியோடு ஷிப்ட் முடியும்வரை நின்ற ஒரு பெண்ணுக்காக என்று எழுதியிருக்கிறாய். பெயர் போடவில்லை, சரி. பழைய ஓவராலின் காலரைப் பார்த்தாயா? 2217. அது என் நம்பர், சுகா. அம்மாவிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். நீ அதை அட்டையில் எழுதி, பக்கத்திலேயே என் நம்பரையும் தொங்கவிட்டாய். கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில் அந்தப் படம் கைமாறிக்கொண்டிருந்தது. யார் தொடங்கினார்களோ தெரியாது. 'யாரோ நம்ம கதையத்தான் எழுதிக்கீறாங்க' என்று பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எழிலரசி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இங்கே பக்கத்து ஊரான வல்லத்துப் பெண். எங்களுக்கு ஓவரால் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான், திங்களன்று எண்ணப்போகிறவளும் அவள்தான். யார் நம்பர் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். காலரைப் பெரிதாக்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அதனால் ஓவராலை அண்ணனிடமே கொடுத்தனுப்பு. ஞாயிறு மாலை இங்கே வந்துவிடுவான். பையில் என்ன என்று அவனிடம் சொல்லாதே, அவன் வாய் ஊருக்கே மைக்செட். அளவெடுக்க ஒரு கையைப் பிரித்ததாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பழைய ஊசித் துளைகளிலேயே தைத்துவிடு. புதுத் துளை ஒன்றுகூட விழக் கூடாது. உன் கெட்டிக்காரத்தனம் எதையும் அதில் காட்டாதே.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எழிலரசி என் இன்னொரு ஓவராலை நீட்டினாள், நான் பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. 'இன்னா முத்து, படத்துல கீற அந்தப் புதுசு, தொறக்கறதுக்கு எத்தினி செகண்டு ஆவும்?' என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். 'தெரிஞ்சா சொல்லு' என்றாள். அவ்வளவுதான். ஸ்ரீதருக்காகக் கேட்டாளா, தனக்காகக் கேட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் கேட்டு முடிக்கும்வரை அவள் கண் வாசலிலேயே இருந்தது.

மைனரை விடாதே. நான் திட்டியதற்காக விட்டாய் என்று இருக்கக் கூடாது. திங்கட்கிழமை எனக்கு என்ன ஆனாலும் அதற்காகவும் விடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லபடியாகப் படித்து முடிப்பாய். பயப்பட நான் ஒருத்தி போதும்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. பதில் கடிதம் வேண்டாம். எத்தனை செகண்டு என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஓவரால் மடிப்புக்குள் வை. எழிலரசிக்குச் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
முத்துச்செல்வி