மேல்காட்டு விண்ணப்பம்

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலந்தானே? செவ்வாய்க்கிழமை காலந்தவறி உறைபனி இறங்கிவிட்டது. மேல்காட்டு உருளைக்கிழங்குச் செடி முழுக்க வெந்தது போலக் கறுத்துக் கிடக்கிறது. உன் அத்தான் உயிரோடு இருந்தால் அன்றைக்கே உழுதுபோட்டு வேறு ஏதாவது விதைத்திருப்பார்.

நிவாரணமாக விதைக்கிழங்கு தருகிறார்களாமே? விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. வேளாண்மை ஆபீசில் நீ இருக்கும்போது நான் வேறு யாரைப் போய்க் கேட்பேன்? நீ இந்தப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஐயாவுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை வயலில் கை வைக்காதே. உழுதுவிட்டால் சேதத்துக்குச் சாட்சி இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பத்து நாளில் ஆள் வரும். என் அக்கா என்று தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி

மே 27

தம்பிக்கு,

பத்து நாள் என்றாய். ஆறு வாரம் கழித்து நேற்றுத்தான் வந்தார். மண் சரிந்து பாதை மூடியிருந்ததாம். ஆட்டுக்காரர் தினமும் அதே பாதையில்தான் போய் வருகிறார். செடியெல்லாம் மக்கி மண்ணாகிவிட்டது.

வரப்பில் நின்றபடியே, "இங்க என்னம்மா பயிர் இருந்துச்சு? ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

கீழ்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வருவீங்கன்னு இந்தம்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தது மட்டும் எங்களுக்குத் தெரியும் சார்!" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார்.

விதைப்புக் காலமும் போயிற்று. நீ ஒரு வார்த்தை சொல்லி அவரை முன்பே அனுப்பியிருக்கலாம்.

அக்கா

ஜூன் 30

தம்பிக்கு,

உத்தரவு வந்தது. 'பயிர் இருந்ததற்கு ஆதாரமில்லை, தள்ளுபடி.' கீழே உன் கையெழுத்து. உன் கையெழுத்து எப்போதுமே அழகுதான்.

மேட்டு நிலத்தை மரம் நட அரசுக்கே விட்டுக்கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறதே, அதற்கு எழுதிப்போட்டேன். இரண்டே நாளில் ஆள் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபரிசீலனை கேட்டு நானே எழுதினேன். மனுதாரர் என் அக்கா என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இதைத்தான் ஏப்ரலில் செய்யப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விதைக்கிழங்கு மூட்டைகளோடு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. மேல்காடு முழுக்க முழங்கால் உயர மரக்கன்றுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய குச்சி.

கீழ்வீட்டு அம்மாதான் சொன்னார்: "மக வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்கயும் வீடு மாறிட்டாங்களாம். விலாசம் குடுக்க வேண்டாம்னுட்டாங்க, கோவிச்சுக்காதீங்க. லெட்டர் குடுத்தா அனுப்பி வைக்கிறேன்."

அதனால்தான் இதை அவர் மூலமாக அனுப்புகிறேன். மூட்டைகள் ஆபீஸ் வராந்தாவில் கிடக்கின்றன. முளைவிட ஆரம்பித்துவிட்டன. உன் கையெழுத்து இல்லாமல் வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. தினமும் அவற்றைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போகிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது, அக்கா.

தம்பி