சுடலையம்மாள் வைத்த கைநாட்டு

ராஜபாளையம்,
18.9.91

பிலாயில் இருக்கும் அன்பு மகள் ரெங்கநாயகிக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் ஒரு சளிகூட இல்லாமல் இருக்கிறோம், அங்கே உங்கள் மூவரையும் ஆண்டாள் அப்படியே வைத்திருக்கட்டும். நல்ல சேதி ஒன்று. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் விடுதியில் தங்கவைத்துக் கல்லூரியைச் சுற்றிக்காட்டுகிறதாம். பள்ளிக்கு ஒருத்திதான். எதிர்வீட்டுச் சண்முகத்தாய்க்கு இடம், நம் கோதை வெயிட்டிங் லிஸ்ட் என்றார்கள். இப்போது அவள் அம்மாவே அனுப்பச் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம், கோதை போகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அர்ச்சனை செய்து, பால்கோவா வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். குழந்தைக்கு வெந்நீரே கொடு.

அக்கா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இனி வருவது அம்மாவுக்குத் தெரியாது, எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். சண்முகத்தாயின் அம்மா சுடலையம்மாள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெருவில் எல்லாருக்கும் போல அவளுக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். "ஏட்டி கோதை, எம்மவ நல்லாப் போயிட்டு வரட்டும்னு எழுது, காலேசைக் கண்ணால பாக்கட்டும்" என்றாள், பள்ளியில் கேட்ட சம்மதக் கடிதத்துக்கு. நான் சம்மதமில்லை என்று எழுதிவிட்டு, அவள் சொன்னபடியே வாசித்துக் காட்டினேன். "எம்புட்டு அழகா எழுதுத" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள். உறையை ஒட்டி டீச்சரிடம் நானே கொடுத்தேன். சண்முகத்தாய் என்னைவிட மூன்றே மார்க் கூட, அதுவும் என் கைடை வாங்கிப் படித்து. படித்தது என் புத்தகம், போவது அவளா என்று வயிறு எரிந்தது. அவள் ரிப்பனைப் பார்த்தால்கூட எரிந்தது. இப்போதும் எரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அவள் நேற்றிலிருந்து அத்தையிடம் பேசுவதில்லை. "பொய் சொல்லுதா எங்கம்மா, கைநாட்டு மட்டும் தானா விழுந்துச்சோ" என்று என்னிடமே அழுதாள். சாயங்காலம் அத்தை வந்து, "நான் என்ன சொன்னேன்னு நீயே அவட்டச் சொல்லு தாயி" என்றாள். என் வாயில் பால்கோவா இருந்தது.

நடந்ததை டீச்சருக்கு எழுதிக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். விடிந்தால் கொடுக்காமல் இருந்துவிடுவேனோ என்று பயம். அதனால் போகிற வழியில் முதலில் இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன், பிறகு மறைக்க முடியாது. அம்மாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை. நீ எழுது அக்கா. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிப்பது நான்தான், எவ்வளவு திட்டியிருந்தாலும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன்.

அம்மா சொன்ன ஆசீர்வாதத்தை மாற்றாமல் எழுதுகிறேன்: நூறு வருசம் நல்லா இருங்க, தை மாசம் மறக்காம வாங்க.

அம்மாவுக்காக எழுதியது,
கோதைநாயகி