பத்திரம் வந்தால்தான் பூட்டு திறக்கும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. உன் விலாசத்தை உன் சிநேகிதனிடம் கெஞ்சி வாங்கினேன். அவனைத் திட்டாதே.

கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி, தையற்கூடத்தை ஒரு பொறுப்பாளர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாய். அதோடு முடியவில்லை. விற்றுப் பங்கிட வேண்டியவரே பணத்தில் கைவைத்துவிட்டால்? அதனால் அவர் ஜாமீன் பத்திரம் கொடுத்தாக வேண்டும் என்றது கோர்ட். "பத்திரம் வராம ஒரு ஊசியைக்கூடத் தொடக்கூடாது" என்று கோர்ட் குமாஸ்தா கூடத்துக்குப் பூட்டுப் போட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

உள்ளே அறுநூறு பள்ளிச் சீருடைகள் வெட்டியபடி கிடந்தன. பள்ளி திறக்க மூன்று வாரம். தைத்தால் காசு, தைக்காவிட்டால் கந்தல். பொறுப்பாளரோ ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருப்பது வாடகை வீடு. அவருக்காகச் சொத்தைக் காட்டி யார் ஜாமீன் நிற்பார்கள்? கடன்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

நான் என் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

கோபப்படாதே. போன வருஷம் அடகு வைக்க இதே பத்திரத்தைக் கேட்டு நீ வந்தபோது, முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொன்னவள் நான். கடன்காரர்களோடு நின்ற நூல்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "தம்பிக்குத் தராத வீட்டை யாருக்கோ தர்றீங்களேம்மா" என்று சிரித்தார். பொறுப்பாளரே தயங்கினார்: "நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதே." "அதுக்கென்ன, தினம் வந்து உங்க கணக்கு நோட்டைப் பாக்கத்தானே போறேன்" என்றேன். கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். பேனா சரியில்லை என்று சமாளித்தேன்.

செவ்வாய்க்கிழமை பூட்டைத் திறந்தார்கள். தைக்கிற பெண்கள் எட்டுப் பேரும் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். பள்ளி திறக்க இரண்டு நாள் முன்பே சீருடைகள் போய்ச் சேர்ந்தன. கடன்காரர்களுக்கு முதல் பங்கும் கொடுத்தாயிற்று. தினமும் நோட்டைப் பார்த்தேன். மனுஷன் நூல்கண்டு ஒன்றைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்.

இப்போது நூல்கடைக்காரர், மெஷின்களைத் தனித்தனியாக விற்க வேண்டாம், கூடத்தை அப்படியே தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். துணி வெட்ட நீ வர வேண்டுமாம். "ஓடிப்போனவன் கணக்கு நோட்டுல ஒரு பக்கம்கூடக் கிழிக்கல. எனக்கு அது போதும்" என்றார்.

பொறுப்பாளர் கடைசிக் கணக்கைக் கோர்ட்டில் ஒப்படைத்ததும் ஜாமீன் தீர்ந்து என் பத்திரம் திரும்பிவிடும். அதுவரை காத்திருக்காதே, வந்துவிடு. பின்வாசல் வழியாக வராதே. போன வருஷத்தைப் பற்றி உன்னிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நல்லாயிரு.

வழி பார்த்திருக்கும்
உன் அக்கா