நீ தைத்த மூட்டைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக, முக்கியமாக வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனை அணைத்து வைத்திருப்பவனிடம் வேறு எப்படிப் பேசுவது? உன் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் நீ போய்த் தங்கியிருக்கும் இந்த விலாசத்தை வாங்கினேன். அவள் மேல் எரிந்து விழாதே.

இங்கே எங்களோடு இருக்கும் உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஓட்டை வாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்க விசில் அடிக்கிறாள். உன் அத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மேல் கோபமாக இருக்கிறாய், இருந்துவிட்டுப் போ. துறைமுகச் சோதனைக் கூடத்தில், ஏற்றுமதிக்கு வந்த உன் மூட்டைகளை நான் பிரித்தபோது, மேலே இருந்தவை நீ எழுதிக் கொடுத்தபடி சாதாரணச் சுறாத் துடுப்புகள்தான். வழக்கம்போல அடியில் கைவிட்டுப் பார்த்தேன். பக்கத் துடுப்பு என்றால் ஒரு பக்கம் வெளுத்திருக்கும். இவை இரண்டு பக்கமும் ஒரே மங்கிய பழுப்பு, ஒல்லியாக, உயரமாக. சுத்தியல் போலத் தலை உள்ள கொம்பன் சுறாவின் முதுகுத் துடுப்பு. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று இத்தனை நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்த மீன். உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அடியில் வைத்தாய்.

சில துடுப்புகள் என் உள்ளங்கைக்குள் அடங்கின. குட்டிகள். வளர்ந்து இனம் பெருக வருஷக்கணக்கில் ஆகும் மீனில் குட்டிகளையும் வழித்து அனுப்பிவிட்டால், கடலில் என்னடா மிஞ்சும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், தூசி என்று நினைத்து முகக்கவசம் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மதியமே உன்னைக் கூப்பிட்டேன். “உன் ஷிஃப்ட்னு தெரிஞ்சுதான்க்கா அனுப்புனேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய். என்னை நம்பியதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்னும் புரியவில்லை. மேலதிகாரியிடம் நீ என் தம்பி என்று சொல்லி, விசாரணையிலிருந்து விலகிக்கொண்டேன். மூட்டையைப் பிரித்தவள் என்பதால் சாட்சி சொல்ல மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது உன் வக்கீல், கலந்து கட்டியது கோணி அண்ணன்தான், முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் கிடங்கில் இத்தனை காலம் மூட்டை கட்டிய மனுஷன் அவர். நேற்று வீட்டுக்கு வந்தார். உன்னைத் திட்டுவார் என்று பார்த்தால், “தம்பி ஏதோ பயத்துல சொல்லிருச்சு, நீங்க மனசு விடாதீங்க” என்று என்னைத் தேற்றுகிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் இடது கைக்காரர் என்பதை மறந்துவிட்டாயா? அவர் தைத்தால் மூட்டை வாயில் ஊசி இடமிருந்து வலமாக ஓடும். மற்ற மூட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கொம்பன் இருந்த மூன்றில் மட்டும் தையல் வலமிருந்து இடமாக வந்து, ஓரத்தில் ஒரு தையல் பின்னால் போய், இரட்டை முடிச்சில் முடிந்திருந்தது. அப்படி முடிச்சுப் போட உன்னைத் தவிர யாருக்கும் பொறுமை கிடையாது. மூட்டைகள் இன்னும் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன.

வியாழக்கிழமை விசாரணை. நீயே வந்து, நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிடு. யாரிடம் வாங்கினாய் என்பதையும் சொல். லைசென்ஸ் போகலாம். போனால் போகட்டும், உன் வீட்டில் உலை கொதிக்க நாங்கள் இல்லையா? உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்பு இன்னும் ஒடிந்துவிடவில்லை.

இது யார் தையல் என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். அவர்கள் என்னைக் கேட்பதற்கு முன்னால் வந்துவிடு, கண்ணா.

விசாரணை அறை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

உன்
அக்கா